சுவிட்சை அணைத்த பின்னும் ஹோல்டரில் கரன்ட்

போன திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு ஒரு பாட்டியிடமிருந்து போன் வந்தது. கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெரு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளமாகப் போகும் பழைய வீடு. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், பாட்டி தனியாக இருக்கிறார். "தம்பி, ரேழி பல்பு போயிருச்சுன்னு மாத்த ஏறினேன். கரன்ட் அடிச்சிருச்சுப்பா. சுவிட்சை அணைச்சிட்டுத்தான் ஏறினேன், சத்தியமா" என்றார்.

அந்தச் 'சத்தியமா' என்ற சொல்தான் என்னை இட்லித் தட்டிலிருந்து எழுப்பியது. கரன்ட் அடித்ததைவிட, தன் மேல் தப்பு இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற கவலை அவர் குரலில் இருந்தது. எழுபது வயதைத் தாண்டியவர். செய்ய வேண்டியதைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

போய்ப் பார்த்தேன். மர ஸ்டூல் அப்படியே கிடந்தது. வலது கை ஹோல்டருக்குள் பட்டிருக்கிறது, இடது கை விழாமல் இருக்கச் சுவரைப் பிடித்திருக்கிறது. மழைக்கு ஊறிய சுவர். கை உதறியதில் ஸ்டூலிலிருந்து சரிந்து உட்கார்ந்துவிட்டார். மணிக்கட்டு வீங்கியிருந்தது. அதோடு போனது.

சுவிட்ச் அணைந்த நிலையில்தான் இருந்தது. அதை நான் தொடவில்லை. முதலில் சமையலறை பிளக்கில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், எரிந்தது. டெஸ்டர் வேலை செய்கிறது என்று தெரியாமல் அதை நம்பி எதையும் தொடுவதில்லை. அப்புறம் ஸ்டூலில் ஏறி, ஹோல்டருக்குள் இருக்கும் இரண்டு ஸ்பிரிங் முனைகளில் ஒவ்வொன்றாக வைத்தேன். முதல் முனையில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. கீழே நின்ற பாட்டி அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, "நான்தான் சொன்னேன்ல" என்றார்.

நடந்தது இதுதான். வீட்டுக்கு வரும் இரண்டு வயர்களில் ஒன்று ஃபேஸ், இன்னொன்று நியூட்ரல். நம் ஊர் வீடுகளில் இவற்றுக்கு இடையே 230 வோல்ட். சுவிட்ச் ஃபேஸ் வயரில்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் அணைத்தால் ஹோல்டர் வரை கரன்ட் வராது. பாட்டி வீட்டு ரேழியில் சுவிட்ச் நியூட்ரலில் உட்கார்ந்திருந்தது. அணைத்தால் நியூட்ரல் அறுபடும், பல்பு அணையும். ஆனால் ஃபேஸ் நேராக ஹோல்டருக்குள் வந்து காத்துக்கொண்டிருக்கும்.

இரண்டில் எதை அறுத்தாலும் பல்பு அணைந்துவிடும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. வெளியே இருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. வேலை பார்த்தவர் சுவிட்சைப் போட்டுக் காட்டுவார், விளக்கு எரியும். அணைத்துக் காட்டுவார், அணையும். வீட்டுக்காரர் காசு கொடுத்து அனுப்பிவிடுவார். சுவிட்ச் மாட்டுவதில் எனக்கு முக்கியமாகப் படுவது அது அணைந்த பிறகு விளக்குப் பக்கத்தில் என்ன மிச்சம் இருக்கிறது என்பது. முப்பது வருடத்தில் நான் மாட்டிய ஒவ்வொரு சுவிட்சிலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஏணியை மடித்திருக்கிறேன்.

ஒரு அறிகுறி முன்பே இருந்திருக்கிறது. "ராத்திரி அணைச்ச பிறகும் அந்தப் பல்பு லேசா மினுக்கும் தம்பி. நைட் லேம்ப் மாதிரி இருக்குன்னு விட்டுட்டேன்" என்றார் பாட்டி. எல்இடி பல்புக்கு மிகக் கொஞ்சம் கசிவு போதும், மங்கலாக மினுக்கும். பழைய குண்டு பல்பாக இருந்தால் இது தெரிந்தே இருக்காது. மினுக்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு. சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் மினுக்கும். ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்து போட்டு அணைக்கும் மாடிப்படி டூ-வே வயர் நீளமாக ஓடினாலும் மினுக்கும். ஆனால் சாதாரண ஒற்றைச் சுவிட்சில் போட்ட பல்பு மினுக்கினால் நான் முதலில் பார்ப்பது சுவிட்ச் ஃபேஸில் இருக்கிறதா என்பதைத்தான்.

சரி, மெயினை அணைத்துவிட்டுப் பலகையைத் திறந்தேன். வெளியே புது மாடுலர் பிளேட், பளபளவென்று. வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது பழைய குமிழ் சுவிட்சுகளை எடுத்துவிட்டு இதைப் போட்டிருக்கிறார்கள். உள்ளே இருந்த வயர் வீட்டுக்கு முதன்முதலில் கரன்ட் வந்த காலத்து வயர். தேக்கு ரீப்பரில் சின்னச் சின்னக் கிளிப் அடித்து ஓட்டிய, ரப்பர் உறை போட்ட கம்பி. அந்த ரப்பரை விரலால் லேசாக வளைத்தேன். பழைய அப்பளம் மாதிரி உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது, உள்ளே பச்சைப் பாசி பிடித்த செம்பு தெரிந்தது. எந்த வயருக்கும் நிறம் இல்லை. ஃபேஸும் கறுப்பு, நியூட்ரலும் கறுப்பு. மாற்ற வந்தவர் பழைய சுவிட்சுகளை எல்லாம் மொத்தமாகக் கழற்றியிருக்கிறார். எது எதிலிருந்து வந்தது என்று அடையாளம் வைக்கவில்லை. ரேழி விளக்கில் மாறிப் போய்விட்டது. டெஸ்டரை ஒரு தடவை வைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

சுவிட்ச் மாற்றும்போது நான் செய்யும் ஒரு காரியத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். கழற்றும் முன் போனில் படம் எடுத்துவிடுவேன். போன் இல்லாத காலத்தில் சிகரெட் அட்டையில் வரைந்து வைப்போம். அப்புறம் ஒரு வயரைக் கழற்றினால் அதற்கு உடனே டேப் சுற்றி ஒன்று, இரண்டு என்று எழுதிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன். ஒரு பலகையில் எட்டுச் சுவிட்ச் என்றால் இதற்குக் கூடப் பத்து நிமிடம் ஆகும். அவ்வளவுதான்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த அண்ணன் மெயின் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் பலகையில் கை வைப்பார். வீட்டில் யாராவது வந்து, "ஏன் கரன்ட் இல்லை" என்று மெயினைப் போட்டுவிட்டாலும் கட்டை அவர் பையில் இருக்கும். ஐடிஐ முடித்த புதிதில் எனக்கு அது ரொம்பப் பெரிய ஜாக்கிரதையாகப் பட்டது. இப்போது எல்லாம் எம்சிபி, கரன்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச். அதைப் பிடுங்கிப் பையில் போட முடியாது. அதனால் எம்சிபியை இறக்கி அதன் மேல் டேப் ஒட்டி, 'வேலை நடக்கிறது' என்று எழுதிவிடுகிறேன்.

ஆனால் எம்சிபியை இறக்கினால் போதும் என்று நினைத்து நானே ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். 2012-ல் மின்வெட்டு கடுமையாக இருந்த நேரம், ஊரெல்லாம் வீட்டுக்கு வீடு இன்வர்ட்டர் வாங்கினார்கள். ஒரு வீட்டில் ஃபேன் சுவிட்ச் மாற்றப் போனேன். மெயினை அணைத்தேன், பலகையில் முதல் சுவிட்சில் டெஸ்டர் வைத்தேன், எரியவில்லை. தைரியமாக மூன்றாவது சுவிட்சின் ஸ்க்ரூவைத் திருப்பினேன். தோள் வரை இழுத்துவிட்டது. மெயின் போனதும் இன்வர்ட்டர் தானாக எழுந்து அந்தப் பாதிப் பலகைக்குக் கரன்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரே பெட்டிக்குள் இரண்டு லைன். அன்றிலிருந்து இன்வர்ட்டர் இருக்கும் வீட்டில் அதன் அவுட்புட்டையும் நிறுத்துவேன், பலகையில் இருக்கும் ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் தனித்தனியாக டெஸ்டர் வைப்பேன், முடித்ததும் டெஸ்டரை மறுபடி கரன்ட் உள்ள இடத்தில் வைத்து அது உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பேன். வீட்டில் தாங்களே சுவிட்ச் மாற்ற நினைப்பவர்கள் இந்த ஒரு பத்தியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

பாட்டி வீட்டு ரேழிக்கும் கூடத்துக்கும் புது வயர்தான் வழி என்று சொன்னேன். அவருக்குத் தேக்கு ரீப்பரைப் பிடுங்குவதில் மனமில்லை. பிடுங்கத் தேவையில்லை என்றேன். ரீப்பரை அப்படியே விட்டுவிட்டு, அதன் மேல் ஓரமாகக் கேசிங் ஓட்டி அதற்குள் புதுச் செம்பு வயர் இழுத்தேன். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பிளக்குக்கு 2.5. சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். அடுத்து இந்தப் பலகையைத் திறப்பவர் ஊகம் செய்ய வேண்டியதில்லை.

வயரைச் சுவிட்சில் கட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் பார்த்த கருகிய சுவிட்சுகளில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் கருகியிருக்கின்றன. உறையைச் சீவும்போது கத்தி செம்பு இழையில் படக் கூடாது. பட்ட இழை முறுக்கும்போது உடையும். சுமார் ஒரு சென்டிமீட்டர் சீவினால் போதும். இழைகளை ஒன்றாக முறுக்கி, ஓட்டை பெரிதாக இருந்தால் இரண்டாக மடித்து உள்ளே விட வேண்டும். ஓட்டை சின்னதாக இருக்கிறதென்று நான்கு இழையை வெட்டிவிட்டு மீதியை நுழைப்பவர்கள் உண்டு. அந்த நான்கு இழைக்குரிய கரன்ட் வேறு எங்கே போகும்? ஸ்க்ரூவை இறுக்கியதும் வயரைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்க்க வேண்டும். செம்பு வெளியே தெரியக் கூடாது, உறை ஸ்க்ரூவுக்குள் கடிபடவும் கூடாது. உறையைக் கடித்த ஸ்க்ரூ கைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். உள்ளே செம்பு சரியாகத் தொட்டிருக்காது.

இதை ஒரு மெஸ்ஸில் நன்றாகப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம், காலையில் ஐந்து மணிக்கே மாவு கிரைண்டர் ஓடும் இடம். "அண்ணே, ஆறு மாசத்துல நாலு சுவிட்ச் மாத்திட்டேன். இப்ப வர்ற சரக்கே சரியில்லை" என்றார் முதலாளி. கிரைண்டர் ஒன்றரை எச்பி. ஓடும்போது 9, 10 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப் போல ஐந்தாறு மடங்கு. சுவிட்ச் 16 ஆம்பியர், ஐஎஸ்ஐ முத்திரையோடு, வீட்டுச் சுவிட்சுகளுக்கான தர எண் ஐஎஸ் 3854 என்று போட்டிருந்தது. சரக்கில் குறை இல்லை. இருபது நிமிடம் மாவு ஓடிய பிறகு பிளேட்டில் புறங்கையை வைத்தேன். வைத்திருக்க முடியவில்லை.

கழற்றிப் பார்த்தால், சுவிட்சுக்கு வரும் வயரின் நுனி ஒரு அங்குலத்துக்குக் கருகி, உறை குச்சி போல விறைத்திருந்தது. செம்பு கறுத்துப் போயிருந்தது. முதல் சுவிட்ச் கருகியபோது கருகிய வயர் அது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் பளபளப்பான செம்பைக் கட்டியிருக்க வேண்டும். பெட்டிக்குள் வயர் கட்டையாக இருந்ததால் வெட்ட மனம் வராமல், ஒவ்வொரு தடவையும் அதே கறுத்த செம்பைப் புதுச் சுவிட்சில் கட்டியிருக்கிறார்கள். கறுத்த செம்பு கரன்டைத் தடுக்கும். அந்தத் தொடுமுனையில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தால்கூட, 9 ஆம்பியர் ஓடும்போது 8 வாட் சூடு பிறக்கும். ஒரு ஸ்க்ரூ தலையளவு இடத்தில் 8 வாட். சூட்டில் ஸ்க்ரூ தளரும், தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடு. புதுச் சுவிட்சின் ஆயுளை அந்த ஒரு அங்குல வயர் தின்றுகொண்டிருந்தது.

அவருக்கு எம்சிபி பெட்டியிலிருந்து தனி லைன் போட்டேன். 4 சதுர மில்லிமீட்டர் வயர், மோட்டார் கிளம்பும் இழுப்பைத் தாங்கும் சி கர்வ் எம்சிபி, மோட்டாருக்கென்றே வரும் ரோட்டரி சுவிட்ச், முறையான எர்த். அடுப்புப் புகையும் தண்ணீரும் படாத சுவருக்கு மாற்றினேன். இரண்டு வருடமாகிறது. போகும்போதெல்லாம் சாப்பிடுகிறேனோ இல்லையோ, அந்தச் சுவிட்சில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். குளிர்ந்தே இருக்கிறது.

கடைக்காரர்கள் செய்யும் இன்னொன்று, எம்சிபி அடிக்கடி விழுகிறதென்று பெரிய எம்சிபி மாற்றச் சொல்வது. எம்சிபி வயரைக் காப்பாற்ற இருக்கிறது. வயர் தாங்காத அளவுக்குப் பெரிதாகப் போட்டால், அடுத்து விழ வேண்டிய நேரத்தில் அது விழாது, சுவருக்குள் வயர்தான் வேகும். கேட்டால் மறுத்துவிடுவேன். கோபித்துக்கொண்டு வேறு ஆளைக் கூப்பிட்டவர்களும் உண்டு.

இப்போது மாடியில் சோலார் வைப்பவர்களும் ஒரு சங்கதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வீட்டுக்கு வருவது ஏசி, திசை மாறி மாறி ஓடும் கரன்ட். அது ஒரு நொடிக்கு 100 தடவை பூஜ்யத்துக்கு வந்து போகிறது. சுவிட்சை அணைக்கும்போது உள்ளே பறக்கும் தீப்பொறி அந்தப் பூஜ்யத்தில் அணைந்துவிடும். பேனலிலிருந்து வருவது ஒரே திசையில் ஓடும் டிசி. அதில் பூஜ்யமே கிடையாது, பொறி நீண்டு நின்று எரியும். வீட்டு விளக்குச் சுவிட்சை அதற்கு மாட்டினால் தொடுமுனை உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அணைத்தாலும் அணையாது. டிசிக்கென்றே சொல்லி விற்கும் ஐசோலேட்டரை, அதாவது லைனைத் துண்டிக்கும் சுவிட்சைத்தான் வாங்க வேண்டும்.

பாட்டி வீட்டுக்கு வருகிறேன். வயர் இழுத்து முடித்ததும் பலகையை எங்கே வைக்கலாம் என்று கேட்டேன். வாசல் பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் கேசிங் நேராகப் போகும், பார்க்க அழகாக இருக்கும். பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. "இருட்டுல எழுந்து வந்தா கை அங்கதான்பா போகும். அம்பது வருஷமா அங்கதான்" என்று பழைய இடத்தைக் காட்டினார். அந்த இடத்தில் சுவரில் ஒரு கையகலத்துக்குச் சுண்ணாம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. அங்கேயே வைத்தேன். கேசிங் ஒரு வளைவு வளைந்து போகிறது, போகட்டும். கூடத்திலிருந்தும் ரேழியிலிருந்தும் போட்டு அணைக்கிற மாதிரி அந்த விளக்கை டூ-வே ஆக்கிவிட்டேன், இருட்டில் நடந்து வந்து சுவிட்ச் தேட வேண்டாம் என்று.

மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போட்டேன். ஒருவர் உடம்பு வழியாகக் கரன்ட் தரைக்கோ சுவருக்கோ போனால், கண் இமைக்கும் முன் அது அறுத்துவிடும். திங்கட்கிழமை அது இருந்திருந்தால் பாட்டிக்கு ஒரு சுரீர் மட்டும்தான் இருந்திருக்கும். "போட்டா சும்மா சும்மா விழுது" என்று இதைக் கழற்றச் சொல்லும் வீடுகள் உண்டு. பெரும்பாலும் இன்வர்ட்டர் நியூட்ரலையும் மெயின் நியூட்ரலையும் ஒன்றாகக் கட்டியிருப்பார்கள். அதைப் பிரித்தால் விழுவது நின்றுவிடும். ஆர்சிசிபியைக் கழற்றுவது தீர்வு ஆகாது.

இதைப் படிப்பவர்கள் வீட்டில் எதையும் திறக்காமலே சிலவற்றைப் பார்க்கலாம். அரை மணி நேரம் அயர்ன் பாக்ஸோ இன்டக்‌ஷன் அடுப்போ ஓடிய பிறகு சுவிட்ச், பிளக் இரண்டின் மேலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் ஆள் கூப்பிடுங்கள். 2000 வாட் அடுப்பு 8.7 ஆம்பியர் இழுக்கும், அதை 6 ஆம்பியர் பிளக்கில் செருகாதீர்கள். சுவிட்சைப் போடும்போது 'டக்' என்று கேட்க வேண்டும். 'சர்ர்' என்று கேட்டாலோ, பாதியில் நின்றாலோ, மீன் வாடை போல ஒரு நாற்றம் வந்தாலோ அந்தச் சுவிட்சைத் தொடாமல் மெயினை அணைத்துவிடுங்கள். பலகையில் எறும்பு வரிசை போகிறதென்றால் உள்ளே கூடு இருக்கும். பல்லி புகுந்து ஷார்ட் ஆன பலகைகளையும் நிறையக் கழற்றியிருக்கிறேன், வயர் நுழையும் ஓட்டையை அடைக்காமல் விடுவதால் வருவது. வயரிங் வேலைக்கு லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். முடித்துவிட்டுப் போகும் முன், "அணைச்சிட்டு ஹோல்டர்ல டெஸ்டர் வெச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். நல்ல வேலைக்காரர் கோபப்பட மாட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு, பல்பைக் கழற்றி, பாட்டியைக் கீழே நிற்க வைத்து இரண்டு முனையிலும் டெஸ்டர் வைத்தேன். எரியவில்லை. இன்னொரு தடவை வைக்கச் சொன்னார், வைத்தேன். அப்புறம்தான் காபி போட உள்ளே போனார்.

காபி கொடுக்கும்போது ஒன்று சொன்னார். பெயின்ட் சமயத்தில் சுவிட்ச் மாற்றியவர் அந்தத் தெருவில் இன்னும் மூன்று வீட்டுக்கு அதே வேலை பார்த்திருக்கிறாராம். அன்று இரவே இரண்டு வீட்டில் பார்த்துவிட்டேன். ஒன்று சரியாக இருக்கிறது. இன்னொன்றில் குளியலறை விளக்கு இதே மாதிரிதான். அதை அன்றைக்கே பிரித்துச் சரி செய்தேன். மூன்றாவது வீடு பூட்டியிருக்கிறது, திருச்சியில் இருக்கிறார்கள். பாட்டியிடம் நம்பர் வாங்கிப் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். அதுவரை பல்பு எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.